எரிந்துபோன ஊரின் மேயர்: ஓட்டோ வான் கெரிக்

1/
போன வாரம் லேபர் வார்டில் ஒரு வேக்கம் டெலிவரி. தாயும் சேயும் நலம். எல்லாம் முடிந்து கை கழுவும்போது கூட இருந்த சிஆர்ஆர்ஐ தம்பி கேட்டார்: "சார், இந்த வேக்கத்தை எல்லாம் யார் சார் கண்டுபிடிச்சது?"

கப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் சுலபம். 1950களில் ஸ்வீடன் நாட்டு மகப்பேறு மருத்துவர் டாகே மால்ம்ஸ்ட்ரோம். ஆனால் தம்பி கேட்டது வேக்கத்தைப் பற்றி. அந்தக் கேள்வி, போரில் சாம்பலான ஒரு ஜெர்மன் ஊரோட மேயர் வீட்டு வாசலில் போய் நிற்கும். அவர் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீயோட வாங்க.

2/
பள்ளிக்கூட அறிவியலில் இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. நடுவில் ஒரு உலோகப் பந்து. இரண்டு பக்கமும் குதிரைகள் கட்டி இழுக்குது, பந்து பிரியவே மாட்டேங்குது. "மாக்டெபர்க் அரைக்கோளங்கள்". படம் வரைந்து பாகம் குறிச்சு மார்க் வாங்கியிருப்போம்.

அந்தக் குதிரைகளைக் கொண்டு வந்து நிறுத்தினவர் முழுநேர விஞ்ஞானி கிடையாது. முப்பது வருஷம் மேயர். ஆராய்ச்சி எல்லாம் அலுவல் பயணங்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான்.

3/
ஓட்டோ வான் கெரிக். பிறப்பு 1602, எல்ப் ஆற்றங்கரையில் இருக்கிற மாக்டெபர்க் நகரம். ஊரில் பெரிய குடும்பம்.

15 வயதில் லைப்சிக் பல்கலைக்கழகம். அடுத்த வருஷமே, 1618-இல், முப்பதாண்டுப் போர் வெடிக்குது. அப்புறம் ஹெல்ம்ஷ்டெட், யெனாவில் சட்டம், கடைசியில் ஹாலந்தின் லெய்டன் நகரில் கணிதமும் கோட்டை கட்டும் பொறியியலும். இங்கிலாந்து, பிரான்ஸ் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, 1626-இல் கல்யாணம் பண்ணி நகர மன்ற உறுப்பினர் ஆகிறார்.

4/
போரைப் பற்றி ஒரு வரி. இன்றைய ஜெர்மனி அன்றைக்கு நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஆட்சிப் பகுதிகள். மேலே பேருக்கு ஒரு பேரரசர், அவர் கத்தோலிக்கர். கீழே பாதிப் பேர் புராட்டஸ்டன்ட். மதச் சண்டையாக ஆரம்பித்து, அக்கம்பக்கத்து ராஜாக்கள் எல்லாம் உள்ளே வந்து, 1648 வரை அடித்துக்கொண்டார்கள்.

மாக்டெபர்க் புராட்டஸ்டன்ட் நகரம். ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃபை நம்பி அவர் பக்கம் சாய்ந்தது. பேரரசர் தரப்பு ராணுவம் வந்து ஊரைச் சுற்றி வளைத்தது. தளபதிகள் டிலி, பாப்பன்ஹைம்.

5/
1631 மே 20. (பழைய காலண்டரில் மே 10.)

காலையில் நகர மன்றம் கூடியிருக்கு. சரணடையலாமா, தாக்குப் பிடிக்கலாமா? ஸ்வீடன் அனுப்பி வைத்த தளபதி ஃபால்கன்பெர்க் "கொஞ்சம் பொறுங்க, எங்க ராஜா படையோட வந்துடுவார்" என்று பேசிக்கொண்டே இருக்கார். அந்த நேரத்தில் எதிரிப் படை மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

அந்த மன்றத்தில் 28 வயது கெரிக்கும் இருந்தார். பின்னாளில் இந்த முற்றுகையையும் அழிவையும் பற்றி அவர் எழுதி வைத்ததுதான் இன்றைக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு முக்கியமான நேரடி சாட்சியம்.

6/
ஒரே நாள். கொள்ளை, கொலை, பிறகு தீ. ஊர் முழுக்க எரிந்தது. சுமார் 20,000 பேர் செத்ததாகக் கணக்கு. பிணங்களை எல்ப் ஆற்றில் தள்ளினார்கள்.

அடுத்த வருஷம், 1632 பிப்ரவரியில், ஊரில் மிச்சம் இருப்பவர்களைக் கணக்கெடுத்தாங்க. 449 பேர்.

திரும்பப் படிங்க. நானூத்தி நாப்பத்தொன்பது.

7/
கெரிக் குடும்பம் பிழைத்தது. வீடு, சொத்து எல்லாம் போச்சு. அவரைக் கைதியாகப் பிடித்து வைத்தார்கள். அன்ஹால்ட் இளவரசர் ஒருவர் தலையிட்டு, 300 தாலர் பணயத் தொகை கட்டின பிறகுதான் விடுதலை.

கொஞ்ச நாள் ஸ்வீடன் ராஜாவிடம் பொறியாளர் வேலை. லெய்டன் படிப்பு இருக்கு, வேலைத்திறன் இருக்கு. வேற எந்த ஊரிலாவது நிம்மதியாகப் பிழைத்திருக்கலாம்.

அவர் 1632-இல் மாக்டெபர்க்குக்கே திரும்பினார். அந்த 449 பேர் ஊருக்கு.

8/
அடுத்த பத்து வருஷம் இடிபாடு அள்ளுற வேலை. கோட்டை, பாலம், தெரு.

1641-இல் நகரக் கருவூலப் பொறுப்பு. 1646-இல் மேயர். (அந்த ஊரில் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்ட மேயர்கள் இருக்கிற முறை. அவர்களில் ஒருவர்.) 1670களின் பிற்பகுதி வரைக்கும் அந்தப் பதவி.

9/
மேயர் வேலை என்றால் என்ன?

பாதி வேலை, ஊர் ஊராகப் போய்க் கெஞ்சுறது.

1642-இல் டிரெஸ்டன் அரண்மனைக்குப் போறார். ஊரில் முகாமிட்டிருக்கிற சாக்ஸனிப் படை பண்ற கொடுமையைக் குறைக்கச் சொல்லி மனு. அப்புறம் சமாதானப் பேச்சுவார்த்தை நடந்த ஓஸ்னாப்ரூக். அடுத்து நூரெம்பெர்க், வியன்னா, பிராக், ரீகன்ஸ்பர்க். போர்க்காலத்துச் சாலையில் குதிரை வண்டிப் பயணம். இருபது வருஷம் இதே பொழப்பு.

10/
கோரிக்கை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "எங்க ஊரைத் தன்னாட்சி நகரமாக அறிவியுங்கள். பேரரசருக்கு மட்டும் கட்டுப்படுவோம். நடுவில் எந்தக் குறுநில மன்னரும் வேண்டாம்."

பழைய சாசனங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1648 சமாதான ஒப்பந்தத்தில் ஊருக்குச் சாதகமாக ஒரு பிரிவும் வந்தது. ஆனால் ஏட்டில் இருந்தது நடைமுறைக்கு வரவே இல்லை.

இதைப் படிக்கிற அரசு ஊழியர்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

11/
இந்த அலைச்சலுக்கு நடுவில் அவர் மண்டைக்குள் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டு இருந்தது.

சூரியனை பூமி சுற்றுதுன்னு கோப்பர்நிகஸ் சொல்றார். சரி. அப்போ கிரகங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தப் பிரம்மாண்டமான இடத்தில் என்ன இருக்கு? காற்றா? காற்று என்றால் கிரகங்களுக்கு அது தடை ஆகாதா? ஒன்றுமே இல்லாத வெறும் இடம் என்று ஒன்று இருக்க முடியுமா?

12/
"முடியாது" என்பதுதான் இரண்டாயிரம் வருஷத்துப் பதில். அரிஸ்டாட்டில் சொன்னது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, அதனால்தான் உறிஞ்சினால் தண்ணீர் மேலே ஏறுது என்று விளக்கம். அந்தக் காலத்துப் பெரிய மூளை டெகார்ட்டும் வெற்றிடத்தை ஏற்கவில்லை.

பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றி லத்தீனில் பக்கம் பக்கமாக வாதம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

மேயர் என்ன பண்ணார் தெரியுமா? ஒரு பீர் பீப்பாயை எடுத்தார்.

13/
பீப்பாய் முழுக்கத் தண்ணீர். எல்லா ஓட்டையும் அடைத்தாச்சு. தீயணைக்கப் பயன்படுத்துகிற பீச்சாங்குழல் மாதிரி ஒரு பித்தளை பம்ப். தண்ணீரை வெளியே இழுத்துவிட்டால் உள்ளே மிஞ்சுவது வெற்றிடம்தானே?

பலசாலிகள் சேர்ந்து இழுத்தார்கள். தண்ணீர் வந்தது. கூடவே பீப்பாயின் மரச் சந்துகளில் எல்லாம் காற்று "ஸ்ஸ்ஸ்" என்று சத்தத்தோடு உள்ளே புகுந்தது.

தோல்வி.

14/
அடுத்து பீப்பாய்க்குள் பீப்பாய். வெளிப் பீப்பாயில் தண்ணீர், அப்போ காற்று நுழையாது. இந்தத் தடவை காற்றுக்குப் பதில் தண்ணீரே மரத்தில் கசிந்து உள்ளே போச்சு.

மரம் சரிவராது, உலோகம்தான் என்று செம்புக் கோளத்துக்கு மாறினார். இப்போ தண்ணீர் இல்லை, நேரடியாகக் காற்றையே இழுத்தார்கள். கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் "டமார்!" கோளம் துணி மாதிரிக் கசங்கிப் போச்சு. சுற்றி இருந்தவர்களுக்கு உயிரே போய் வந்தது.

15/
இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது.

கோளம் கசங்கினதைப் பார்த்து "இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்கவில்லை, பார்த்தீங்களா" என்று சொல்லியிருக்கலாம். அரிஸ்டாட்டில் ஜெயித்திருப்பார்.

கெரிக் சொன்னது: கோளம் சரியான உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் நெளிசல் இருந்தது. வெளியே இருந்து அழுத்துகிற காற்றைத் தாங்க முடியவில்லை. இன்னும் நல்ல உருண்டையாகச் செய்யுங்கள்.

செய்தார்கள். தாங்கியது. திறந்தபோது காற்று அவ்வளவு வேகமாக உள்ளே பாய்ந்தது. உள்ளே வெறுமை இருந்ததற்கு அதுதான் அத்தாட்சி.

16/
இதில் இருக்கிற விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நம்ம தொழிலுக்கும் இதுதான் அடிப்படை.

"உறிஞ்சுதல்" என்று ஒரு விசையே கிடையாது. வெற்றிடம் எதையும் இழுக்காது. உள்ளே அழுத்தம் குறையும்போது, வெளியே இருக்கிற காற்று தள்ளுது. அவ்வளவுதான்.

வார்டில் சக்‌ஷன் போட்டுச் சளி எடுக்கிறோமே, அதைக் குழாய்க்குள் ஏற்றுவது மெஷின் கிடையாது. நோயாளியைச் சுற்றி இருக்கிற காற்று. மெஷின் பண்றது, குழாய்க்குள் இருக்கிற எதிர்ப்பை அகற்றுவது மட்டும்தான்.

17/
நாம மூச்சு விடுறதும் அப்படித்தான். நுரையீரலைச் சுற்றி இருக்கிற இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கொஞ்சம் குறைவு. மார்பு விரியும்போது அது இன்னும் குறையும், வெளிக்காற்று உள்ளே வரும்.

கத்திக்குத்துப் பட்டு மார்பில் ஓட்டை விழுந்தால்? காற்று அந்த வழியாகவும் உள்ளே போய் நுரையீரல் சுருங்கிப் போயிடும். முதல் பீர் பீப்பாயில் கேட்ட அதே "ஸ்ஸ்" சத்தம். கேஷுவால்டியில் ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க.

18/
1654. ரீகன்ஸ்பர்க்கில் பேரரசின் பொதுச்சபை. கெரிக் போனது வழக்கம்போல் ஊர் வழக்குக்காக. ஆனால் இந்த ஆளிடம் ஏதோ விசித்திரமான கருவி இருக்காமே என்ற பேச்சு பரவி, பெரிய மனிதர்கள் எல்லாம் பார்க்கணும்னு கேட்டாங்க. பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் உட்பட முக்கியஸ்தர்கள் முன்னால் வெற்றிடச் சோதனைகளைச் செய்து காட்டினார்.

இத்தாலியில் டாரிசெல்லி பத்து வருஷம் முன்னாடியே பாதரசக் குழாயில் வெற்றிடம் காட்டிய செய்தி, அந்த ஊரில் வைத்துத்தான் அவருக்கே தெரிய வந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்காங்க.

19/
இப்போ கவனிங்க.

அந்தக் கருவியை விலைக்கு வாங்கினவர் யார்? மைன்ஸ் நகரத்துப் பேராயர் ஷோன்போர்ன். கத்தோலிக்கர். அதை எங்கே அனுப்பினார்? வூர்ட்ஸ்பர்க்கில் இருந்த ஜெஸ்யூட் கல்லூரிக்கு. அங்கே பேராசிரியர் காஸ்பர் ஷாட், ஜெஸ்யூட் பாதிரியார். அவர் கெரிக்கோடு கடிதத் தொடர்பு வைத்து, 1657-இல் தன் புத்தகத்தின் பின்னிணைப்பாக இந்தச் சோதனைகளை வெளியிட்டார். உலகத்துக்குச் செய்தி போனது அப்படித்தான்.

20/
23 வருஷம் முன்னாடி இந்த மனுஷனோட ஊரைக் கொளுத்தியது கத்தோலிக்கப் பேரரசரின் படை. எரிந்த ஊரின் புராட்டஸ்டன்ட் மேயர் கொண்டு வந்த கருவியை ஒரு கத்தோலிக்கப் பேராயர் வாங்குறார், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் அச்சில் ஏற்றுறார்.

இரண்டு தரப்பிலும் அந்தக் காயம் ஆறியிருக்காது. ஆனால் பம்ப் வேலை செய்தது. யார் பிடித்து இழுத்தாலும் ஒரே மாதிரி வேலை செய்தது. அதில் சண்டை போட எதுவும் இல்லை.

21/
குதிரைக்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் பலரும் 1654 என்று படித்திருப்போம். புகழ்பெற்ற குதிரைக் காட்சி நடந்தது 1657-இல், சொந்த ஊரான மாக்டெபர்க்கில்.

இரண்டு செம்பு அரைக்கோளங்கள். விட்டம் சுமார் 50 செ.மீ. நடுவில் மெழுகும் டர்பன்டைனும் ஊறின தோல் வளையம். திருகு இல்லை, பூட்டு இல்லை. சும்மா ஒட்டி வைத்துக் காற்றை இழுத்தாச்சு. பக்கத்துக்கு 8 குதிரை, மொத்தம் 16. முட்டி மோதியும் லேசில் பிரியவில்லை.

அப்புறம் குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டால்? வெறும் கையாலேயே பிரிச்சுடலாம்.

22/
கணக்குப் போட்டுப் பாருங்க. கடல் மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. மேல் காற்று சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துது. 50 செ.மீ. வட்டத்தின் பரப்பு கிட்டத்தட்ட 2,000 சதுர செ.மீ. அப்போ சுமார் 2 டன். ஒரு காரைத் தூக்குகிற அளவு.

இன்னொரு தமாஷ்: 8 குதிரையே போதும். இன்னொரு பக்கத்தைச் சுவரில் கட்டியிருந்தாலும் விசை அதேதான். பிற்பாடு நியூட்டன் சொன்ன மூன்றாம் விதி. ஆனால் 8 குதிரையும் ஒரு சுவரும் பார்க்க நல்லாவா இருக்கும்? மனு எழுதி எழுதிக் களைத்த மேயருக்குக் கூட்டத்தின் மனசு தெரிந்திருக்கு.

23/
ஷாட்டின் புத்தகம் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் கைக்குப் போச்சு. ராபர்ட் ஹூக் உதவியோடு இன்னும் வசதியான பம்ப் செய்தார்கள். 1660-இல் பாயிலின் புத்தகம். அதில் மாக்டெபர்க் மேயருக்கு நன்றிக்கடன் சொல்லியிருக்கார். 1662-இல் நாம எல்லாரும் படித்த பாயில் விதி.

1712-இல் நியூகாமன் எஞ்சின். அதிலும் பிஸ்டனைத் தள்ளுவது வெளிக்காற்றுதான். உள்ளே நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்குவாங்க. தொழிற்புரட்சியின் ஒரு வேர் அந்த பீர் பீப்பாயில் இருக்கு.

24/
கெரிக் அதோடு நிற்கவில்லை. வெற்றிடத்தில் மணி அடித்தால் சத்தம் கேட்காது, மெழுகுவர்த்தி அணையும், பறவை பிழைக்காது என்று எல்லாம் காட்டினார்.

வீட்டில் உயரமான தண்ணீர்க் குழாய் ஒன்று வைத்து, அதில் மிதக்கும் சின்ன மர பொம்மையை வைத்துக் காற்றழுத்தம் பார்த்தார். 1660-இல் அது வழக்கத்தை விட ரொம்பக் கீழே இறங்கியதைப் பார்த்து, புயல் வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொன்னார். வந்தது.

கந்தக உருண்டையைக் கையால் தேய்த்து, இறகு அதில் ஒட்டுவதையும் விலகுவதையும் கவனித்தார். நிலைமின்சார ஆராய்ச்சியின் ஆரம்பங்களில் ஒன்று.

25/
இதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய பெரிய புத்தகம் 1663-இலேயே முடிந்தது. ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்தது 1672-இல். அப்போ அவருக்கு 69 வயசு.

அந்தப் புத்தகத்தில் அவர் அழுத்திச் சொல்கிற ஒரு கருத்து: இயற்கையைப் பற்றிய விஷயத்தில் பேச்சுத் திறமைக்கும் வாதத் திறமைக்கும் வேலை இல்லை, செய்து பார்த்ததுதான் பேசணும்.

இருபது வருஷம் அரண்மனை அரண்மனையாக வாதாடின வக்கீல் படிப்பு படித்த ஆள் இதைச் சொல்றார் என்பதை மனசில் வைத்துப் படிங்க.

26/
ஏன்னா, அந்த வாதம் தோற்றுப் போச்சு.

1666-இல் பிராண்டன்பர்க் மன்னரின் படை வந்து நின்றது. ஊர் பணிந்தது. ஒப்பந்தம் போட்டு, படையை உள்ளே விட்டார்கள். தன்னாட்சிக் கனவு அத்தோடு முடிந்தது. சாசனம், பிரிவு, மனு, பயணம் எதுவும் உதவலை.

அதே வருஷம் பேரரசர் லியோபோல்ட் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். பேருக்கு முன்னால் "வான்" வந்தது அப்போதான். ஊருக்குக் கேட்டது கிடைக்கலை, அவருக்குப் பட்டம் கிடைத்தது. அன்றைக்கு அவர் மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சிருக்கேன்.

27/
பல தடவை கேட்ட பிறகுதான் பதவியிலிருந்து விடுவித்தார்கள். 70 வயது தாண்டியாச்சு.

1681-இல் மாக்டெபர்க்கைப் பிளேக் நெருங்கியது. 78 வயசு. இரண்டாம் மனைவியோடு ஹாம்பர்க்கில் மகன் வீட்டுக்குப் போனார். தீயில் விட்டுப் போகாத ஊரை நோய்க்குப் பயந்து விட்டுப் போனார் என்று யாராவது சொல்லலாம். பிளேக் எதனால் வருதுன்னே தெரியாத, மருந்தும் இல்லாத காலத்தில், ஒரு முதியவருக்கு நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்: கிளம்புங்க ஐயா.

28/
1686 மே மாதம் ஹாம்பர்க்கில் காலமானார். ஊர் எரிந்து கிட்டத்தட்ட நாள் கணக்கில் 55 வருஷம். உடலை மாக்டெபர்க்குக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

அந்த ஊர் 1945 ஜனவரியில் குண்டுவீச்சில் மறுபடி எரிந்தது. மறுபடி கட்டினார்கள். அங்கே மருத்துவ அகாடமியையும் சேர்த்து இணைத்து 1993-இல் உருவான பல்கலைக்கழகத்துக்கு அவர் பேர்தான். எம்பிபிஎஸ் மாதிரி அங்கே டாக்டருக்குப் படிக்கிற பசங்க சர்டிஃபிகேட்டில் இந்த மேயரோட பேர் இருக்கும்.

29/
ஏன் இவ்வளவும் எழுதினேன்?

ரெஜிஸ்டர், இண்டென்ட், ரிவ்யூ மீட்டிங், கேம்ப். இதுக்கு நடுவில் எங்கே படிக்க, எங்கே யோசிக்க என்று நான் அடிக்கடி புலம்புவேன். கூட வேலை பார்ப்பவர்களும் புலம்புவார்கள். புலம்பல் நியாயம்தான். கெரிக் கதையைச் சொல்லி "அவர் பண்ணலையா, நீ பண்ண முடியாதா" என்று யாரையும் குத்திக்காட்ட மாட்டேன். அவர் பெரிய வீட்டுப் பிள்ளை, கையில் காசு இருந்தது, பம்ப் இழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

30/
எனக்கு இதில் கிடைத்தது வேற. அவர் ஊருக்காகச் செய்த வேலையில் பாதி, படைபலம் உள்ளவன் வந்ததும் ஒரே நாளில் போச்சு. பீப்பாய் பரிசோதனையை யாரும் அப்படிப் பிடுங்கிக்க முடியலை. ஏன்னா அதை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. எதிர்த் தரப்பு ஆட்கள் கையிலேயே கொடுத்தார், நீயே இழுத்துப் பார் என்றார்.

அதனால் கோளம் கசங்கினால், அளவைச் சரிபார்த்து இன்னொன்று செய்வோம். கண்டதை எழுதி வைப்போம், கேட்கிறவங்களுக்குச் செய்து காட்டுவோம்.

31/
சிஆர்ஆர்ஐ தம்பிக்கு அன்றைக்கு இதில் கால்வாசிதான் சொல்ல முடிந்தது. அதுக்குள்ள அடுத்த கேஸ் வந்துடுச்சு. மீதியை இங்கே எழுதியிருக்கேன், லிங்க் அனுப்பிட்டேன்.

"படிச்சிட்டேன் சார். அப்போ அந்தக் கப்பைக் குழந்தை தலையில பிடிச்சு வைக்கிறது நம்ம மெஷின் இல்ல, ரூம்ல இருக்கிற காத்துதான், கரெக்டா?" என்று பதில் வந்திருக்கு.

கரெக்ட் தம்பி.